மேனாட்டார் கடற்செலவும் சங்கச் செய்யுளும்: ஒரு திறனாய்வு

1. முன்னுரை

திண்டுக்கல் மாவட்டத்தில் பழனியை அடுத்துள்ள தொப்பம்பட்டி வட்டாரம் கடலைக் காணாத நிலம். அங்குக் 'கலம்' என்றால் மட்பாண்டமும் நெல்லளக்கும் அளவுமே முதற்கண் நினைவிற்கு வரும்; மரக்கலம் வாராது. ஆயினும், அவ்வட்டாரத்தை ஒட்டிய கலையம்புத்தூரில் 19-ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசர் உருவம் பொறித்த பொற்காசுகள் புதையலாகக் கிடைத்தன. சண்முக நதியின் கிளையாறு பாயும் பொருந்தலில் 2009-லும் அதனை அடுத்தும் நிகழ்ந்த அகழாய்வில் கண்ணாடி மணிகள் மிகுதியாகவும், அவற்றை ஆக்கிய உலையின் எச்சங்களும், தமிழ் பிராமி பொறித்த பொருள்களும் வெளிப்பட்டன. புறநானூற்றின் 53-ஆம் பாட்டையும் அகநானூற்றில் இரண்டு பாட்டுகளையும் பாடிய பொருந்தில் இளங்கீரனார் இவ்வூரினரே என்பது அகழ்ந்தோர் கருத்து. அவர் புறப்பாட்டு, மேலைக் கடற்கரைக்கு உரிய சேரர் குடியினனைப் பாடியது என்பதும் ஈண்டு நினையத் தக்கது.

நடுநிலக் கடற் பகுதியில் அச்சிட்ட காசு பழனி மலையடிவாரத்து மண்ணுள் அடங்கியது எவ்வாறு? பாலக்காட்டுக் கணவாய் வழியே மேலைக் கடற்கரையினின்றும் கொங்கு நாட்டிற்குள் வந்த பெருவழியே அதற்கு விடை கூறும். பொள்ளாச்சி, வெள்ளலூர், கரூர் முதலிய இடங்களில் கிடைத்த உரோமக் காசுகள் அவ்வழியைச் சுட்டும் மைல்கற்கள் போல நிற்கின்றன. மேனாட்டார் கடல் கடந்து வந்தனர்; அவர்தம் பொன் அவர்களினும் நெடுந்தொலைவு நடந்து உள்நாடு புகுந்தது.

இச்செய்தியை நிறுவுதற்கு வரலாற்று நூலோர் சங்கச் செய்யுளடிகளை எடுத்தாள்வது வழக்கம். கனகசபைப் பிள்ளை 1904-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகம்' முதலாக இன்றைய பாடநூல்கள் ஈறாக அவ்வழக்கம் தொடர்கிறது. யவனர் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதைச் சொல்லும் அடிகள் பாட்டினின்றும் பிரித்தெடுக்கப்பெற்றுத் தனியே நிற்கின்றன. அவ்வடிகள் எந்தப் பாட்டில், எவர் கூற்றில், எப்பயன் நோக்கி வந்தன என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. அவ்வினாவை எழுப்பி, மேனாட்டார் கடற்செலவின் விழைவு யாது, கருவி யாது என்பவற்றைச் சங்கப் புலவர் எவ்வாறு நோக்கினர் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. விழைவு: எண்ணும் ஏடுகள்

யவனர் என்னும் சொல் முதற்கண் கிரேக்கரையும், பின்னர் உரோமப் பேரரசின் குடிகளாய் எகிப்தினின்றும் கலஞ் செலுத்தி வந்த பல இனத்தவரையும் குறித்தது. கி.மு. 30-இல் எகிப்து உரோமர் ஆட்சிக்கு உட்பட்ட பின்னர் இக்கடற்செலவு பெருகியது. தம் காலத்தில் மயோசு ஓர்மோசு என்னும் செங்கடல் துறையினின்றும் ஆண்டுதோறும் 120 கலங்கள் வரை இந்தியாவிற்குச் சென்றன என்பார் இசுடிராபோ.

அவர்களை ஈர்த்த பண்டங்களுள் தலையாயது மிளகு. இந்தியா ஆண்டுதோறும் தம் பேரரசினின்றும் ஐந்து கோடி செசுதர்சுக்குக் குறையாமல் ஈர்த்துக் கொள்கிறது என்று பிளினி முறையிட்டார். எகிப்தின் பெரெனிகே துறையில் நிகழ்ந்த அகழாய்வில், கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியத் தாழி ஒன்றனுள் ஏறத்தாழ ஏழரைக் கிலோ கருமிளகு அப்படியே கிடைத்தது. வியன்னா நூலகத்திற்கு வந்து சேர்ந்து 1985-இல் பதிப்பிக்கப்பெற்ற பாப்பிரசு ஏடு ஒன்று, முசிறிச் செலவிற்கென வாங்கிய கடனின் முறிகளைக் கூறுகிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டினதாகிய அவ்வேட்டின் மறுபுறத்தில் 'எர்மாப்பொலோன்' என்னும் கலத்தின் சரக்குக் கணக்கு உள்ளது. கங்கைச் சடாமாஞ்சி, யானைத் தந்தம் முதலியவற்றை நிறுத்து, விலை மதித்து, சுங்கம் கணித்துள்ளனர். ஒரு கலத்துச் சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் செசுதர்சு ஆகிறது.

இவ்வேடுகள் எண்ணுகின்றன, எண்ணுதலே அவற்றின் தொழில். கடன் கொடுத்தவன் ஈடு கேட்கிறான். வாங்கியவன் தவணை கூறுகிறான். கடல் கடப்பது தக்கதோ தகாததோ என்னும் வினாவிற்கு அங்கு இடமில்லை. அவ்வினாவிற்கு இடமளித்தது அதே முசிறியைப் பாடிய தமிழ்ச் செய்யுளே என்பது பின்னர் விளங்கும்.

தமிழ் இலக்கணமோ விழைவை முன்னரே வகுத்து வைத்துள்ளது. ஓதல், பகை, தூது, பொருள் எனப் பிரிவின் நிமித்தங்களைத் தொல்காப்பியம் எண்ணும். கடற்செலவு மகளிரொடு நிகழ்வதில்லை எனவும் விதிக்கும். ஆகவே, கடல் கடந்து பொருள் தேடுதல் தமிழர்க்குப் புதுமையன்று. அவர்கள் அதனைப் 'பிரிவு' என்னும் தலைப்பின்கீழ் வைத்தனர் என்பதே புதுமை. வணிகம் என்று மேனாட்டு ஏடு கூறுவதனைத் தமிழ் அகத்திணை, வீட்டில் இருப்பவளின் பக்கம் நின்று பெயரிட்டது.

3. கருவி: கலமும் காற்றும்

இனி, கடற்செலவின் கருவியை நோக்குவோம். எரித்திரைக் கடற் பெரிப்புளூசு என்னும் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூல், துறைகளின் இருப்பையும் கடலின் வடிவையும் நோக்கி நடுக்கடல் வழியை முதன்முதல் கண்டவன் இப்பாலசு என்னும் மீகான் எனக் கூறும். பிளினியோ அப்பெயரைக் காற்றுக்கே உரியதாக்குவார். செங்கடல் வாயிலிலுள்ள ஓசெலிசினின்றும் அக்காற்றுடன் புறப்பட்டால் 40 நாளில் முசிறி எய்தலாம் என்பது அவர் கணக்கு.

இக்கூற்றைக் கொண்டு பருவக்காற்றைக் 'கண்டுபிடித்தவர்' கிரேக்கர் என எழுதினோர் பலர். கிரேக்க மொழிச் சான்றே அதனை மறுக்கிறது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூடோக்சசு என்பான் இந்தியாவிற்கு முதன்முறை கலம் செலுத்தியபோது, செங்கடற் கரையில் தனியனாய்க் கண்டெடுக்கப்பெற்ற இந்திய மாலுமி ஒருவனே வழி காட்டினான் என இசுடிராபோ எடுத்துரைப்பார். தென்மேற்குக் காற்று ஆனி முதல் புரட்டாசி வரை வீசுவதும், ஐப்பசிக்குப்பின் வடகிழக்குக் காற்று திரும்புவதும் இக்கடலோர மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்தவை.

அங்ஙனமாயின் யவனர்தம் பங்கு யாது? பலகைகளின் விளிம்பில் துளையிட்டு, நாவுகளைச் செருகி, ஆணியடித்து இறுக்கிய உறுதியான உடலே அவர்தம் கலத்தின் சிறப்பு. கயிற்றால் தைத்த மேலைக்கடல் மரக்கலங்கள் தென்மேற்குக் காற்று உச்சத்தில் வீசும் திங்கள்களில் துறையில் ஒதுங்கும். யவனர் கலமோ ஆடி மாத அளவில் எகிப்தை விட்டு, அக்கடுங்காற்றையே துணையாக்கி, அது தணியும் புரட்டாசி அளவில் மேலைக்கரை சேரும். கார்த்திகை, மார்கழியில் மீளும். எனவே, காற்றறிவு இக்கடலுக்குப் பொது. அக்காற்றின் கடுமையைத் தாங்கும் உடலும், ஒரே கலத்தில் பெருஞ்செல்வத்தை முடக்கும் முதலும் யவனர்க்குச் சிறப்பு. இவ்விரண்டையும் பிரித்துணராமையே கண்டுபிடிப்புப் பற்றிய வழக்கிற்குக் காரணம்.

மேனாட்டார் பக்கம் நிகழ்ந்த மிகையைப் போன்ற மிகை நம் பக்கமும் நிகழ்ந்துள்ளது. கரிகால் வளவனை வெண்ணிக்குயத்தியார் பாடிய புறநானூற்று 66-ஆம் பாட்டு, பெருங்கடலில் நாவாய் செலுத்திக் காற்றைத் தன் ஏவலுக்கு உட்படுத்திய வலியோன் ஒருவனின் வழித்தோன்றல் என அவனை விளிக்கிறது. இவ்விளியைக் கொண்டு இப்பாலசுக்கு முன்னரே சோழர் பருவக்காற்றைக் கண்டுபிடித்தனர் என முடிவு கட்டுவோர் உளர். புறநானூற்றின் பழைய உரையாசிரியரோ வேறு பொருள் கண்டார். காற்றின்றி நாவாய் ஓடாதிருந்தபோது காற்றுக் கடவுளை அழைத்து ஏவல் கொண்டான் என்பது அவர் உரை. அவர்க்கு அது தொன்மக் கதை. இக்காலத்தார்க்கு அது கடல் நூல்.

இவ்விரண்டனுள் எது பொருந்தும்? காற்றின் இயல்பை அறிந்து அதற்கேற்பக் கலம் செலுத்துதல் என்னும் பொருளைப் பாட்டின் சொற்கள் ஏற்கும். அது மறுக்கத் தக்கதன்று. ஆனால், இன்ன காலத்தில், இன்ன கடலில், இன்னார்க்கு முன் என்னும் செய்தி பாட்டில் இல்லை. அம்முன்னோன் பெயரும் கூறப்படவில்லை. ஆகவே, கலம் செலுத்துதலின் சிறப்பைத் தமிழ்ப் புலவர் காற்றை ஆளும் திறத்தில் வைத்தனர் என்ற அளவிற்கே இச்சான்று செல்லும். முதன்மையை நிறுவ அது போதாது. தமிழர்தம் கடலறிவிற்கு வேறு நற்சான்றுகள் இருக்க, இப்பாட்டின்மேல் தாங்காச் சுமையை ஏற்றுதல் வேண்டா.

4. முழுப்பாட்டின் நோக்கு

இதுவரை கூறியது அடிகளைப் பற்றியது. இனி, அவ்வடிகள் அமைந்த பாட்டுகளை முழுமையாக நோக்குவோம். ஈண்டுத்தான் இக்கட்டுரையின் முதன்மைக் கருத்து உள்ளது.

மேற்கூறிய 66-ஆம் பாட்டு கரிகாலனின் கடற்புகழைக் கூற எழுந்ததன்று. வெண்ணிப் போரில் வென்றவன் கரிகாலன்; புறப்புண் நாணி வடக்கிருந்தவன் தோற்ற சேரன். வென்ற உன்னினும் வடக்கிருந்த அவன் நல்லவன் அல்லனோ என வென்றவனையே நோக்கி வினவுகிறார் புலவர். காற்றை ஆண்ட முன்னோன், மதங்கொண்ட யானை, வெற்றி ஆகிய அனைத்தும் ஒரு தட்டில் ஏறுகின்றன. தோற்றவனின் நாணம் மறுதட்டில் ஏறுகிறது. தட்டு நாணத்தின் பக்கம் தாழ்கிறது. கடலாட்சி இப்பாட்டில் உயர்வாகவே சொல்லப்படுகிறது. உயர்வாகச் சொன்னால்தான் அதனினும் உயர்ந்ததன் உயர்வு விளங்கும்.

இதே அமைப்பு முசிறியைப் பாடும் பாட்டிலும் உள்ளது. அகநானூற்று 149-ஆம் பாட்டு எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியது. யவனரின் அழகிய கலம் சேரரது பேரியாற்றின் வெண்ணுரை கலங்க வருவதும், பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றி மீள்வதும் இதன்கண் வருகின்றன. இவ்வடிகளை அறியாத தமிழ் மாணவர் இலர். ஆனால், இப்பாட்டின் துறை யாது? பொருள்வயிற் பிரியத் தூண்டும் நெஞ்சை நோக்கித் தலைவன், செல்லேன் என மறுத்தது. நெடுஞ்சுரம் கடந்து அரிய பொருளை எளிதாகவே பெறுவதாயினும் வாரேன் என்கிறான் அவன்.

காரணம் கூறும் முறை நோக்கத் தக்கது. யவனர் கலம் வரும் முசிறி, அம்முசிறியை முற்றி யானைப்போர் வென்று ஆண்டிருந்த பாவையைக் கவர்ந்தவன் செழியன், அச்செழியனது கூடல், கூடலின் மேற்கே முருகனின் பரங்குன்றம், குன்றத்துச் சுனையில் பூத்த நீலம், அந்நீல மலர்ப் பிணையலை ஒத்தன இவள் கண்கள், அக்கண்கள் நீர் கொள்ளும். பெருங்கடலில் தொடங்கிய தொடர், ஆறு, துறை, நகர், குன்று, சுனை, மலர் எனச் சுருங்கிச் சுருங்கி ஒருத்தியின் கண்ணீர்த் துளியில் முடிகிறது. யவனர் கொண்டுவந்த பொன் அத்துளிக்கு ஈடாகவில்லை. பாட்டின் தொடக்கத்திலேயே, புற்றிலுள்ள இரையை வெறுத்த கரடிக்கூட்டம் இருப்பைப் பூவைத் தேடிச் செல்லும் காட்சி உள்ளது. உள்ளதை வெறுத்து வேறு தேடும் விழைவு விலங்கின்மேல் வைத்துக் குறிப்பாற் காட்டப்படுகிறது எனக் கொள்ளின் அது பொருந்தும்.

முசிறியைப் பாடும் பிறிதொரு பாட்டு புறநானூற்றின் 343. பரணர் பாடிய இதன்கண் துறைத் தொழிலின் நுட்பமே மிகுதி. மீன் விற்றுப் பெற்ற நெல் அம்பியில் குவிகிறது. மனையில் மிளகு மூட்டைகள் அடுக்கப்படுகின்றன. பெருங்கலம் தந்த பொன், கழியில் இயங்கும் தோணிகளால் கரை சேர்கிறது. பெருங்கலம் ஆழ்கடலில் நிற்க, சிறுதோணி சரக்கை ஏற்றியிறக்கும் இம்முறையைப் பிளினியும் குறிப்பிட்டுள்ளார். கலங்கள் நிற்குமிடம் முசிறிக் கரையினின்றும் தொலைவானது என்பது அவர் குறை. இத்துணை நுட்பமாக வணிகத்தைக் கண்ட பரணர் எதற்காக அதனைக் கூறினார்? இது மகட்பாற் காஞ்சி. அத்தகைய முசிறியை ஒத்த பெருஞ்செல்வத்தைப் பணிந்து கொடுத்தாலும், தனக்கு ஒவ்வாதாரை இம்மகள் மணவாள். தந்தையும் கொடான் என்பதே பாட்டின் முடிபு. உலகெங்கும் விலைபோன பொன், ஒரு மறக்குடி மகளின் முன் விலைபோகவில்லை.

பட்டினப்பாலையும் அங்ஙனமே. நீரின் வந்த குதிரை, காலின் வந்த மிளகு, புலிப்பொறி இட்டுச் சுங்கம் கொள்ளும் காவலர் என 301 அடிகளில் கடல் வணிகத்தை விரித்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், அப்பட்டினமே கிடைப்பதாயினும் இவளைப் பிரிந்து வாரேன் என்னும் ஒரு மறுப்பினுள் அதனை அடக்குகிறார். மதுரைக்காஞ்சியில் கலங்கள் கொணர்ந்த செல்வம் நிலையாமை உணர்த்தும் காஞ்சித் திணைக்குள் நிற்கிறது. நெடுநல்வாடையில் யவனர் செய்த பாவை விளக்கு ஒளிர்வது, கணவனைப் பிரிந்து உறங்காதிருக்கும் அரசியின் மாளிகையில். விளக்கு கடல் கடந்து வந்தது. அது காட்டுவது தனிமையை.

இவ்வளவும் தற்செயல் எனல் அரிது. கடல் கடந்த செல்வத்தைச் சங்கப் புலவர் நன்கு அறிந்தனர். அதன் பெருமையைக் குறைக்காமல் கூறினர். கூறியதன் பயன், அதனினும் பெரியது ஒன்று உண்டெனக் காட்டுதலே. காதல், மகளின் மதிப்பு, தோற்றவன் நாணம் ஆகியவற்றை எடையிடும் படிக்கல்லாகக் கடற்செல்வம் பயன்பட்டது.

5. தடைகளும் விடைகளும்

இம்முடிபிற்குத் தடைகள் எழலாம். செலவழுங்குதல் பாலையின் மரபு. மரபைப் புலவர் கொள்கையாகக் கொள்ளலாமோ என்பது முதற்றடை. மரபென்பது உண்மையே. ஆனால், பாலைப் பாட்டுகளுள் பலவற்றில் தலைவன் பொருள் தேடிச் செல்லவும் செய்கிறான். செல்லுதலும் தவிர்தலும் ஆகிய இரண்டற்கும் மரபு இடந்தரும்போது, யவனர் கலத்தைத் தவிர்தற் பாட்டில் வைத்தது புலவர் தெரிவாகும்.

தமிழர் பொருளை வெறுத்தவர் எனக் கூறுகின்றீரோ என்பது இரண்டாம் தடை. அன்று. எகிப்தின் பெரெனிகேயிலும் குசெயிர் அல் காதிமிலும் கிடைத்த பானையோடுகளில் தமிழ் பிராமியில் எழுதிய தமிழ்ப் பெயர்கள் உள்ளன. கணன், சாத்தன் என்பார் அத்துறைகளில் இருந்திருத்தல் வேண்டும். தமிழரும் கடல் கடந்தனர். பாட்டின் மறுப்பு சமுதாயத்தின் நடைமுறையன்று. நடைமுறையை எதிரிட்டு நின்ற மதிப்பீடு. எல்லாரும் செல்லும் உலகில்தான் செல்லேன் என்னும் சொல்லுக்கு எடை உண்டு.

புறநானூற்று 56-ஆம் பாட்டு மூன்றாம் தடை. யவனர் கொணர்ந்த நறுமதுவைப் பொற்கலத்தில் மகளிர் தர உண்டு மகிழ்க எனப் பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். இங்கு மறுப்பில்லை, ஏற்பே உண்டு. இப்பாட்டு எம் முடிபிற்கு விலக்கு என்பதனை ஒப்புக்கொள்ளுதலே முறை. வாழ்த்துத் துறையில் இறக்குமதிப் பண்டம் இன்பப் பொருளாகவே நிற்கும். அதனால், எம் முடிபு எல்லாப் பாட்டிற்கும் உரிய விதியன்று. முசிறி, புகார் ஆகிய துறைகளை விரித்துப் பாடும் பாட்டுகளின் பெரும்போக்கு என்றே கொள்க.

6. பிற்காலக் கடற்செலவும் அதன் காப்பியமும்

முசிறி மறைந்து நெடுங்காலம் கழிந்தபின் மேனாட்டார் மீண்டும் இக்கரைக்கு வந்தனர். 1497 சூலை 8-இல் நான்கு கலங்களுடன் லிசுபனை விட்ட வாசுகோ ட காமா, 1498 மே திங்களில் கோழிக்கோட்டை எய்தினார். எதனைத் தேடி வந்தீர் என்னும் வினாவிற்குக் கிறித்தவரையும் நறுமணப் பண்டங்களையும் என அவர் ஆள் விடை பகர்ந்ததாக அச்செலவின் நாட்குறிப்புக் கூறும். யவனர் விழைவில் மிளகு மட்டும் இருந்தது. இவர்தம் விழைவில் சமயமும் அரசின் தனியுரிமையும் சேர்ந்தன.

கருவியும் மாறியிருந்தது. முக்கோணப் பாய், பின்னணியச் சுக்கான், காந்த ஊசி, ஞாயிற்றின் உயரம் அளக்கும் கருவி, அதற்குரிய வாய்பாடு ஆகியவற்றால் கரை காணாத தென் அட்லாண்டிக்கில் ஏறத்தாழ மூன்று திங்கள் செல்ல அவர்களால் இயன்றது. எனினும், இந்தியப் பெருங்கடலுள் அவர்கள் காற்றை அறியார். மலிந்தியில் பெற்ற வழிகாட்டியின் துணையால் 23 நாளில் இக்கரை சேர்ந்த காமா, மீளும்போது பருவம் பாராது புறப்பட்டு, ஆப்பிரிக்கக் கரை சேர ஏறத்தாழ மூன்று திங்கள் அலைந்தார். நோயால் மடிந்தோர் போக எஞ்சியவர் கலங்களைச் செலுத்தப் போதாமையால் ஒரு கலத்தை எரிக்க நேர்ந்தது. சோழமண்டலக் கரை மாலுமிகள் முடிச்சிட்ட கயிற்றால் விண்மீன் உயரம் அளக்கப் பயன்படுத்திய இராப்பலகையை ஒத்த கருவியைப் போர்த்துக்கீசியர் 1500-ஆம் ஆண்டுச் செலவிலேயே எடுத்துச் சென்று ஆய்ந்தனர். வந்தவர் கற்றுக்கொண்டே வந்தனர்.

யவனர்க்கும் இவர்க்கும் உள்ள பெருவேறுபாடு பீரங்கியே. காமா அளித்த தொப்பி, பவழச்சரம், சருக்கரை, தேன் ஆகியவற்றைக் கண்டு சாமூதிரியின் அலுவலர் நகைத்தனர். பொன்னொடு வந்தவர்க்கு மிளகு எளிதிற் கிடைத்தது. ஈடாகத்தக்க பண்டம் இல்லாதவர், 1502 முதல் பிறர் கலங்கள் தம் இசைவுச் சீட்டின்றிச் செல்லலாகாது என ஆணையிட்டனர். கடல் உடைமையாயிற்று. அக்கலங்களிலேயே அச்சுக்கலையும் வந்தது; 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சாயிற்று. நன்றும் தீதும் ஒரே கலத்தில் வந்தன என்பதை மறுத்தல் வரலாறு ஆகாது.

இச்செலவைக் காப்பியமாக்கியவர் லூயிசு ட கமோயன்சு. கோவாவில் வாழ்ந்தவரும், கலமுடைந்து கடலில் தப்பியவருமாகிய அவர் 1572-இல் வெளியிட்ட 'லூசியதாசு', காமாவின் செயலைப் போற்றும் நூல். ஆயினும், நான்காம் காண்டத்தின் இறுதியில் கரையில் நிற்கும் முதியவன் ஒருவன் வாய்திறக்கிறான். புகழாசை, ஆட்சியாசை ஆகியவற்றை இகழ்கிறான். வீட்டையும் நாட்டையும் வெறுமையாக்கும் செலவைப் பழிக்கிறான். முதன்முதல் மரத்தில் பாய் கட்டிக் கடலில் விட்டவனையே சபிக்கிறான். விழைவு, கருவி ஆகிய இரண்டும் அவன் கண்டனத்திற்கு உட்படுகின்றன. அவன் குரல் ஓயுமுன்னரே ஐந்தாம் காண்டம் தொடங்கிக் கலம் புறப்பட்டுவிடுகிறது.

இதனையும் அகநானூற்று 149-ஐயும் ஒப்பிடுக. ஈரிடத்தும் கடற்பொருளை எதிர்க்கும் குரல் உண்டு. கமோயன்சு அக்குரலைப் பெயரற்ற முதியவனுக்குத் தந்து கரையில் நிறுத்தினார். செல்பவன் கேட்டுவிட்டுச் செல்கிறான். தாயங்கண்ணனார் அக்குரலைச் செல்ல வேண்டியவனுக்கே தந்தார். கேட்பது அவன் நெஞ்சு. முன்னதில் எதிர்ப்புப் புறத்தே எழுந்து தோற்கிறது. பின்னதில் அகத்தே எழுந்து வெல்கிறது. காப்பியம் செயலைப் பாடுவது. அகப்பாட்டு செயலுக்கு முற்பட்ட மனநிலையைப் பாடுவது. வேறுபாட்டிற்கு இலக்கிய வகையும் ஒரு காரணமே. ஆயினும், எண்ணற்ற கலங்களின் காலத்தில், ஒரு நாட்டுப் புலவர் கண்ணீரை எடைக்கல்லாகக் கொண்டனர் என்பது இலக்கிய வரலாற்றில் சிறுசெய்தி அன்று.

7. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன மூன்று. ஒன்று, மேனாட்டார் கடற்செலவின் விழைவு மிளகும் பொன்னும் என்பதில் கிரேக்க, உரோம ஏடுகளும் சங்கச் செய்யுளும் ஒத்துச் செல்கின்றன. இரண்டு, காற்றைக் கண்டவர் இன்னார் என்னும் வழக்கில் இருதிறத்தாரும் மிகைபடக் கூறியுள்ளனர். காற்றறிவு கடலோர மக்கள் அனைவர்க்கும் பொதுவாக வளர்ந்தது. மூன்று, சங்கப் பாட்டு கடற்செல்வத்தைப் பதிவு செய்ததோடு நில்லாது மதிப்பிட்டது. அம்மதிப்பீட்டை நீக்கி அடிகளை மட்டும் எடுத்தாள்வது சான்றைப் பாதியாக்குவதாகும்.

ஆகவே, முசிறி பற்றி எழுதப் புகும் ஆராய்ச்சி மாணவர், யவனர் கலம் வரும் அடியில் நின்றுவிடாது பாட்டின் இறுதியடி வரை செல்லுதல் வேண்டும். வணிக வரலாற்றிற்கு அப்பாட்டு தரும் செய்தி சில அடிகளில் முடியும். மாந்தர் வரலாற்றிற்கு அது தரும் செய்தி எஞ்சிய அடிகளில் உள்ளது. கலையம்புத்தூரில் பொற்காசுகளை மண்ணுள் வைத்தவர் மீண்டு வந்து அவற்றை எடுக்கவில்லை. காசு எஞ்சியது; வைத்தவரின் பெயரும் மனமும் எஞ்சவில்லை. அம்மனத்தை அறியவேண்டின், காசை விட்டுப் பாட்டிடமே செல்லவேண்டும்.